எட்டுக் குண்டூசிகள்

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் என் மகள் வக்கீலம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் கழுத்து வலி விட்டதா? நாள் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தால் அது எங்கே விடும்!

போனில் சொல்லலாம்தான். எங்கள் தொழிலாளர் கேம்ப்பில் இருப்பது ஒரே போன், பின்னால் இருபது பேர் வரிசை. "ஹலோ, கேக்குதா"விலேயே காசு தீர்ந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் எங்கள் கப்பல் பட்டறையில் ஒரு காகிதத்தைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். முழுக்க ஆங்கிலம். வெல்டிங் செட்டில் பதினெட்டுப் பேரும் போட்டோம். மறுநாள்தான் தெரிந்தது, இந்த வருடம் லீவுக்குச் சம்பளம் வேண்டாம் என்று நாங்களே எழுதிக்கொடுத்திருக்கிறோம். போர்மேனிடம் கேட்டால், "படிச்சுப் பார்த்துத்தானே போட்டீங்க?" என்று சிரிக்கிறான். அக்கா, எனக்கு முப்பத்தெட்டு வயது. அவன் முன்னால் அவமானத்தில் காது வரைக்கும் சுட்டது.

என் பிள்ளை படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். அவள் பள்ளியில் ஆங்கில வாத்தியார் மாற்றலாகிப் போய் ஒரு வருடமாக ஆள் வரவில்லை என்று நீதான் எழுதினாய். ஐந்தாவது முடிந்ததும் அவளை மேட்டில் இருக்கிற தனியார் பள்ளியில் சேர்த்துவிடு. நீ யூனிபார்ம் தைக்கிறாயே, அதே பள்ளி. தாயில்லாப் பிள்ளையை ஆறு வருடமாக உன் பிள்ளையாக வளர்க்கிறாய். இதையும் நீதான் செய்ய வேண்டும். ஃபீஸைப் பற்றிக் கவலைப்படாதே.

உன் தம்பி


மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. கழுத்து இருந்த இடத்தில்தான் இருக்கிறது, வலியும் அப்படியே. உன் மகள் சுகம். பல் தேய்க்க இரண்டு நிமிடம் எதற்கு, ஒரு நிமிடமே போதும் என்று நேற்று என்னோடு அரை மணி நேரம் வாதாடி ஜெயித்துவிட்டாள். உன் உடம்பு எப்படி?

பள்ளி விஷயம் எனக்குச் சரியாகப் படவில்லை. ஃபீஸ், பஸ், புத்தகம், கட்டட நிதி என்று எல்லாம் சேர்ந்தால் உன் ஏழு மாதச் சம்பளம். அதுவும் ஒரு வருடத்துக்கு. பன்னிரண்டாவது வரை ஏழு வருடம் இருக்கிறது. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டாமா? அந்தப் பள்ளிக்குப் பதினோரு வருடமாகத் தைக்கிறேன். பிள்ளைகளின் இடுப்பளவு எனக்குத் தெரியும், மூளையளவு தெரியாது. பண்டலைத் தூக்கிக்கொண்டு போனால், "பின் கேட்டு, பின் கேட்டு" என்று வாட்ச்மேன் கையைக் காட்டுவான். முன் கேட்டுக்குள் என்ன நடக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை.

ஆங்கில வாத்தியார் இல்லாதது குறைதான். அதற்கு மாலையில் ஒரு டியூஷன் வைத்தால் ஆகாதா? இங்கே கணக்கு டீச்சர் தங்கமானவர். இவள் கேட்கிற கேள்விக்கெல்லாம் அலுக்காமல் பதில் சொல்கிறார்.

இன்னொன்று. கூடுதல் பணம் உனக்கு எங்கிருந்து வருகிறது? இதற்கு மட்டும் சுற்றி வளைக்காமல் பதில் எழுது.

அன்புடன் அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது. நீங்கள் இருவரும் சுகமாக இருப்பதில் சந்தோஷம். மகளிடம் சொல், இரண்டு நிமிடம் தேய்த்தால்தான் பல் கடைசி வரை வாதாடும்.

நேராகவே பதில் எழுதுகிறேன். என்னை வெல்டிங்கிலிருந்து ஸ்டோர் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்து வெல்டிங் ராடும் கையுறையும் எடுத்துக் கொடுக்கிற வேலை. சம்பளம் கூட. போதுமா?

டியூஷன் வேண்டாம். டியூஷன் என்பது ஒட்டுப் போட்ட துணி. ஒட்டு ஒட்டாகத்தான் தெரியும், அது உனக்கே தெரியும். ஏப்ரல் ஆறாம் தேதி நுழைவுத் தேர்வு என்று நோட்டீஸில் போட்டிருக்கிறதாம். கூட்டிக்கொண்டு போ. என் ரூமில் இருக்கிற நெட்டை லீவில் வருகிறான், அவனிடம் பார்சல் கொடுத்தனுப்புகிறேன். நான் சொன்னால் சொன்னதுதான் அக்கா. இதில் மட்டும் குறுக்கே நிற்காதே.

உன் தம்பி


ஏப்ரல் 14

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். தேர்வு எழுதியாயிற்று. வாட்ச்மேன் வழக்கம்போலப் பின் கேட்டைக் காட்டினான். "இன்னைக்குப் பண்டல் இல்லப்பா, பிள்ளை" என்றேன். யோசித்துத்தான் உள்ளே விட்டான். பெரிய ஹால், ஆளுக்கொரு மேஜை. ஆபீஸில் இருந்த அம்மா, பிள்ளையின் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டாள். ஸ்டோர் கீப்பர் என்று சொன்னேன்.

வக்கீலம்மா வெளியே வரும்போதே ஒரு கணக்கோடு வந்தாள். ஒரு தொட்டியைக் குழாய் ஆறு மணி நேரத்தில் நிரப்பும், அடியில் உள்ள ஓட்டை ஒன்பது மணி நேரத்தில் காலி செய்யும், தொட்டி எப்போது நிறையும்? பதினெட்டு மணி நேரம் என்று எழுதினாளாம். "முதல்ல ஓட்டையை அடைச்சிட்டு நிரப்பினா என்ன அத்தே? அப்படி எழுதியிருந்தா மார்க் குடுப்பாங்களா?" என்று வழியெல்லாம் ஒரே தொல்லை. விடை தப்போ என்று பயம் வேறு.

நெட்டை வந்தான். பார்சலைக் கொடுத்தான். இரண்டு தடவை டீ குடித்தான், ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். உன்னைப் பற்றிக் கேட்டேன். சொன்னான்.

தம்பி, உன் ஸ்டோர் ரூமில் ஜன்னல் உண்டா?

அன்புடன் அக்கா


மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தான். கையெழுத்து கோணலாக இருந்தால் பேனாவைத் திட்டு. ஜன்னலா? ஒன்றுக்கு இரண்டு இருக்கிறது, கடல் தெரியும். என்ன கேள்வி இது? ரிசல்ட் என்ன ஆயிற்று? அதை எழுது, ஜன்னலை விடு!

ஏப்ரல் முப்பதுக்குள் பட்டியல் ஒட்டுவார்கள் என்று இருந்தது. சேமிப்பையும் சேர்த்து முழு வருட ஃபீஸையும் உன் கணக்குக்கு அனுப்பிவிட்டேன். மே இருபது கடைசி நாள். எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. அவளுக்கு இடம் கிடைக்கவில்லை என்றால் அதையாவது எழுது, தாங்கிக்கொள்வேன். சும்மா இருக்காதே. கிடைத்திருந்தால், யூனிபார்ம் போட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

உன் தம்பி


ஜூன் 12

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். பள்ளி திறக்கிற மாதம், ஞாயிற்றுக்கிழமைகூட மெஷினை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே.

இருநூறு பேர் எழுதியதில் நாற்பது பேரை எடுத்திருக்கிறார்கள். பட்டியலில் நம் பிள்ளை பதினோராவது. நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. போட்டோ இத்துடன் இருக்கிறது. நீல ஸ்கர்ட், வெள்ளைச் சட்டை, டை. பட்டன் காஜா ஒவ்வொன்றும் நான் கையால் எடுத்தது. காலை எட்டுக்கெல்லாம் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள்.

டாக்டரிடம் ஒரு தடவை போய் உடம்பைக் காட்டிவிட்டு வா. சும்மாதான் சொல்கிறேன்.

அன்புடன் அக்கா


ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு என்ன, ராஜா மாதிரி இருக்கிறேன். போட்டோவைக் காட்டாத ஆள் இந்தக் கேம்ப்பில் பாக்கி இல்லை. போர்மேனுக்கும் காட்டினேன். "யார் பொண்ணு?" என்றான். "என் பொண்ணு. இனிமே காகிதம் நீட்டுறதுன்னா இவகிட்ட நீட்டுங்க" என்றேன். அவனே சிரித்துவிட்டான்.

பதினோராவது! எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது. எந்த பஸ்ஸில் போகிறாள்? ஆங்கிலம் எடுப்பது ஆணா பெண்ணா? பக்கத்தில் உட்காருவது யார்? இரும்புக் கம்பி முழுங்கினவள் மாதிரி நிற்கிறாளே, புதுப் பள்ளி பயமா? அவளையே நாலு வரி எழுதச் சொல். ஏப்ரலிலிருந்து அவள் கையெழுத்தையே நான் பார்க்கவில்லை.

உன் தம்பி


ஆகஸ்ட் 27

அக்கா,

ஏழு வாரமாகப் பதில் இல்லை. பத்து நாளாகப் படுத்தே கிடக்கிறேன். போட்டோவைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அதனால் நன்றாகவே பார்த்துவிட்டேன்.

நீ தையல் படித்தபோது துணி போட்டுப் பார்க்கிற பொம்மை வாங்க வசதி இல்லை. பத்து வயதில் நான்தான் உன் பொம்மை. கவுன், சட்டை எல்லாம் என்மேல் போட்டு, தொளதொளப்பை இழுத்து முதுகுப் பக்கம் குண்டூசி குத்துவாய். அசைந்தால் குத்தும். தோளைப் பின்னால் தள்ளி, மூச்சைப் பிடித்து, கையை உடம்பில் ஒட்டாமல் நிற்க வேண்டும். இருபத்தெட்டு வருடம் ஆகியும் என் முதுகு அதை மறக்கவில்லை. போட்டோவில் என் மகள் அப்படித்தான் நிற்கிறாள்.

அது அவளுக்குத் தைத்த சட்டை இல்லை. யாரோ ஒரு பெரிய பிள்ளையின் ஆர்டரிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறாய். சொந்த அத்தை தையல்காரி, பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கு அளவுச் சட்டை தைக்கமாட்டாளா?

உன் ஜூன் மாதக் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். பட்டியலில் வந்தாள் என்று இருக்கிறது, பணம் வந்தது என்று இருக்கிறது, காலையில் கிளம்புகிறாள் என்று இருக்கிறது. சேர்த்தேன் என்று ஒரு இடத்திலும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறாய்.

சுகம் விசாரிக்க எனக்கு மனமில்லை. ஒரே வரி போதும். சேர்த்தாயா, இல்லையா?


செப்டம்பர் 14

தம்பிக்கு,

நீ கேட்ட வரி இதுதான். சேர்க்கவில்லை.

திட்டுவதற்கு முன் மீதியையும் படி. நெட்டை என்ன சொன்னான் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். "ஸ்டோர் ரூமும் இல்ல, நாற்காலியும் இல்லக்கா. கப்பலோட எண்ணெய்த் தொட்டிக்குள்ள இறங்கி, புகைக்குள்ளயே வெல்டிங் அடிக்கிறான். அதுக்கு ரெட்டைச் சம்பளம். மூணு மாசம் இறங்காதேன்னு டாக்டர் சொல்லியாச்சு. கேக்க மாட்டேங்கிறான். நாலு படி ஏறினா நின்னு மூச்சு வாங்குறான்."

கண்ணை விற்றா சித்திரம் வாங்குவார்கள்? மே இருபதாம் தேதி விண்ணப்பத்தையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு முன் கேட் வரை போனேன். இது என் தம்பியின் மூச்சு என்று தோன்றியது. கட்டாமல் திரும்பிவிட்டேன். பணம் பாங்கில் அப்படியே இருக்கிறது, உன் வைத்தியத்துக்கு. சேர்க்கவில்லை என்று உனக்கு எழுதத் தைரியம் வரவில்லை, போட்டோவை அனுப்பினேன். சேர்த்தாயிற்று என்று நம்பினால் அடுத்த வருட ஃபீஸுக்காக நீ இன்னும் அதிகமாக இறங்குவாய் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை. நீ இப்போது படுத்திருப்பதில் என் பொய்க்கும் பங்கு இருக்கிறது. ஸ்டோர் ரூமில் கட்டிலும் போட்டுக் கொடுத்துவிட்டார்களா, தம்பி?

இது நல்ல காரணம். கெட்ட காரணம் ஒன்றும் உண்டு. தேர்வு அன்று ஆபீஸ் அம்மா என்னைப் பார்த்து, "நீங்க யூனிபார்ம் கொண்டு வர்றவங்கதானே? இது யார் பிள்ளை?" என்றாள். அந்த நேரத்தில் வக்கீலம்மா என் கையை விட்டுவிட்டாள். நாளைக்கு நான் பண்டலோடு பின் கேட்டில் நிற்க, இவள் சிநேகிதிகளோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதாக எனக்குத் தோன்றியது. அதை என்னால் பொறுக்க முடியவில்லை. அங்கே ஆங்கில வாத்தியார் இருக்கிறார், இங்கே இன்றுவரை இல்லை. அது தெரிந்தும் செய்தேன்.

இதைவிடப் பெரிய பாவம் ஒன்று. இடம் கிடைக்கவில்லை என்று அவளிடம் சொன்னேன். தொட்டிக் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டதாக நினைத்து இரண்டு நாள் அழுதாள். "அப்பா மனசு கஷ்டப்படும், ஒரு போட்டோ மட்டும் எடுப்போம்" என்று சொல்லித்தான் அந்தச் சட்டையைப் போட்டேன். எட்டுக் குண்டூசி. வாயைத் திறக்காமல் நின்றாள். உனக்குக் கடிதம் எழுதச் சொன்னால், "பொய் எழுத வரல அத்தே" என்கிறாள். தோற்றுப்போனதை அப்பாவிடம் மறைக்கிறோம் என்று இத்தனை நாளாக அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறது.

இன்று பள்ளி விட்டு வந்ததும் உண்மையைச் சொல்லப் போகிறேன். சொன்ன பிறகுதான் இதைத் தபாலில் போடுவேன். உன் கையில் இது இருக்கிறது என்றால், சொல்லிவிட்டேன் என்று தெரிந்துகொள்.

அக்கா


அக்டோபர் 6

அக்கா,

ஆமாம், தொட்டிதான். ஜூலையிலிருந்து வாரத்துக்கு ஆறு நாளாகக் கூட்டி இறங்கினேன். போட்டோவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் இறங்கினேன். இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். வார்டில் ஜன்னல் இருக்கிறது. இது நிஜம்.

உன்மேல் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. என் மூச்சு என்னுடையது. அதை எதற்குச் செலவழிப்பது என்று முடிவு செய்ய நீ யார்? எனக்காகப் பயந்தாய், சரி. அவள் ஜெயித்ததை அவளிடமிருந்தே ஏன் மறைத்தாய்? அந்தப் பணத்தை என் வைத்தியத்துக்குத் தொடாதே. இங்கே கம்பெனி பார்த்துக்கொள்கிறது. டிசம்பரில் ஆஸ்பத்திரியிலிருந்து விட்டுவிடுவார்கள். இன்னும் ஒரு வருடம் இறங்கினால் மூன்று வருட ஃபீஸ் கைக்கு வந்துவிடும். அடுத்த ஏப்ரலில் அவளை மறுபடி தேர்வு எழுதச் சொல்.

நீ சொன்ன பிறகு அவள் என்ன சொன்னாள்? அழுதாளா? அதை மட்டும் எழுது. வேறெதுவும் வேண்டாம்.


அக்டோபர் 27

அப்பா,

இது நான். அத்தை எழுத உட்கார்ந்தாள். மூன்று காகிதத்தைக் கிழித்தாள். இனிமேல் நான் எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கிக்கொண்டேன்.

உடம்பு எப்படி என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் கல்லு மாதிரி இருக்கிறேன் என்று எழுதுவாய். ராஜா மாதிரி என்றும் எழுதுவாய்.

அழுதேன். மூன்று நாள் அத்தையோடு பேசவில்லை. நாலாவது நாள் கழுத்துக்குத் தைலம் தேய்க்க ஆள் இல்லாமல் அவளே தேய்த்துக்கொண்டபோது தைலம் அவள் கண்ணில் பட்டுவிட்டது. அப்போது பேசிவிட்டேன். ஆனால் கோபம் போகவில்லை. உன்மேலும் போகவில்லை. அன்றைக்கு ஆபீஸில் நான் கையை விட்டது பேனா மூடியைத் திறக்க. திறந்து பார்த்தேன், மை இருந்தது. அவ்வளவுதான். அத்தை இதை என்னிடம் கேட்கவே இல்லை. அஞ்சு மாதம் மனதுக்குள்ளேயே வைத்திருந்தாளாம்.

தொட்டிக் கணக்கு சரிதான். பதினெட்டு மணி நேரம். கணக்கு டீச்சரிடம் போட்டுக் காட்டினேன், சரி என்றார். நான் அதை நூறு தடவையாவது போட்டிருப்பேன், எங்கே தப்பு என்று தேடித் தேடி. தப்பே இல்லாத இடத்தில் தேட வைத்துவிட்டீர்கள். மூச்சு வாங்குகிற ஒருவர் எண்ணெய்த் தொட்டிக்குள் எத்தனை மணி நேரம் இருக்கலாம் என்றும் டீச்சரிடம் கேட்டேன். அந்தக் கணக்கு அவருக்குத் தெரியவில்லை. யாருக்காக என்று கேட்டார். அப்பாவுக்கு என்றேன்.

நீ எழுதிய எல்லாக் கடிதத்தையும் அத்தை என்னிடம் படிக்கக் கொடுத்தாள். பிப்ரவரியிலிருந்து எல்லாமே என்னைப் பற்றித்தான். எந்த பஸ், யார் பக்கத்தில் உட்காருவது, எல்லாம் கேட்டிருக்கிறாய். அந்தப் பள்ளிக்குப் போக அவளுக்கு ஆசையா என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. நீ எழுதினாயா அத்தே என்று கேட்டேன். இல்லை என்று ஒத்துக்கொண்டாள்.

எனக்கு ஒரு முடிவு இருக்கிறது. அந்தப் பள்ளியா, இந்தப் பள்ளியா என்று யோசித்துவிட்டேன். அத்தைக்குக்கூடச் சொல்லவில்லை. டிசம்பரில் விட்டதும் நீ நேராக வீட்டுக்கு வந்து, என் முன்னால் உட்கார்ந்து, என்னிடம் கேட்க வேண்டும். அப்போது சொல்கிறேன்.

கடிதத்தில் கேட்டால் பதில் வராது.

உன் வக்கீல்